அக்ரிலிக் மூலப்பொருள்: தன்னிறைவு போதுமா?

புது தில்லி: பெயிண்ட், விளம்பரப் பலகை, வாகன விளக்கு, செயற்கைப் பல் என அன்றாட வாழ்வில் கலந்துவிட்ட அக்ரிலிக்கின் மூலப்பொருளுக்கு இந்தியா இன்னமும் பெருமளவு இறக்குமதியையே நம்பியுள்ளது. இந்நிலை மாற வேண்டும் என்பதில் இரு கருத்து இல்லை. ஆனால், ஆலைகளை அமைப்பதில் காட்டும் ஆர்வம் அவற்றைக் கண்காணிப்பதிலும் இருக்குமா என்பதே கேள்வி.

"மெதில் மெதாக்ரிலேட்' என்ற நிறமற்ற திரவமே இங்கு அடிப்படை. இதன் மூலக்கூறுகள் சங்கிலியாகப் பிணையும்போது கண்ணாடி போன்ற அக்ரிலிக் கிடைக்கிறது. மதுரை ஆரோலேப் நிறுவனம் மலிவு விலையில் தயாரிக்கும் விழி உள்வில்லைகளுக்கும் இவ்வகைப் பிளாஸ்டிக்கே ஆதாரம்.

அசிட்டோனுடன் ஹைட்ரஜன் சயனைடைச் சேர்த்துத் தொடங்குவதே இதன் பழைய, இன்றும் வழக்கிலுள்ள தயாரிப்பு முறை. சயனைடோ கடும் நச்சு. 1984 போபால் துயரத்துக்குப் பிறகு, இத்தகைய ஆலைக்கு மக்களின் ஒப்புதலைப் பெறுவது எந்த மாநில அரசுக்கும் எளிதல்ல.

கொச்சியில் பாரத் பெட்ரோலியம் நிறுவனம் சுமார் ரூ. 6,000 கோடியில் அமைத்த ஆலையைப் பிரதமர் மோடி 2021 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணித்தார். அக்ரிலிக் அமிலம், அக்ரிலேட்டுகள் ஆகியவற்றுக்கான இறக்குமதியைக் குறைப்பதே அதன் நோக்கம். பெயரில் நெருக்கம் இருந்தாலும் மெதாக்ரிலேட்டுகள் வேறு. அந்தக் குறை நீடிக்கிறது.

ஆபத்து தயாரிப்போடு முடிவதில்லை. விசாகப்பட்டினம் எல்ஜி பாலிமர்ஸ் ஆலையில் 2020 மே 7-ல் 12 பேரைப் பலிகொண்டது, தொட்டியில் தேங்கியிருந்த ஸ்டைரீன். அது தானாகவே பிணைந்து, சூடேறி, ஆவியாக வெளியேறியது. மெதாக்ரிலேட்டுக்கும் இதே இயல்பு உண்டு. பிணைப்பைத் தடுக்கும் மருந்து அதில் கலக்கப்படுகிறது. அது வேலை செய்யச் சிறிதளவு ஆக்சிஜனும் தேவை. தீப்பிடிக்காமல் இருக்க நைட்ரஜனை மட்டும் நிரப்பினால், ஒரு பாதுகாப்பே மற்றொன்றைக் கெடுத்துவிடும். எனவே வெப்பநிலை, தடுப்பு மருந்து, ஆக்சிஜன் ஆகிய மூன்றையும் இடைவிடாது கவனிக்க வேண்டும்.

அபாயகர ரசாயனங்களுக்கான விதிகள் 1989-லேயே வகுக்கப்பட்டுவிட்டன. விதி வகுப்பது மத்திய அரசு. தொழிற்சாலைக்குள் சென்று பார்ப்பதோ பெரும்பாலும் மாநில அதிகாரிகள். விபத்து நேர்ந்தால் இரு தரப்பும் ஒன்றையொன்று கைகாட்டுவது வழக்கமாகிவிட்டது. உள்நாட்டு உற்பத்தி பெருகினால் அந்நியச் செலாவணி மிச்சமாகும். ஆனால் அதன் விலையை ஆலையைச் சுற்றி வாழும் மக்கள் உயிரால் செலுத்த நேரக்கூடாது.