கையொப்பம் சலுகை அல்ல

நம் காலனித் தெருவிலிருந்து ஒரு பிள்ளை முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தால் ஊருக்கே அது செய்தி. 'டாக்டருக்குப் படிக்குது' என்று பெற்றோர் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால், அந்தப் படிப்பு எப்படி நடக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. வகுப்பும் தேர்வும் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். பிறகு நான்கைந்து ஆண்டுகள் அந்தப் பிள்ளை ஒரே ஒருவரைச் சார்ந்தே இருக்க வேண்டும். அவர்தான் நெறியாளர், மாணவர் வழக்கில் 'கைடு'. தலைப்பைப் பதிவு செய்ய, உதவித்தொகை வாங்க, விடுப்பு எடுக்க, ஆய்வேட்டை ஒப்படைக்க, எல்லாவற்றுக்கும் அவர் கையொப்பம் வேண்டும்.

இந்த ஆதரவு கிடைக்காத மாணவரின் நிலை என்ன என்பதை 2008இல் பார்த்தோம். சேலத்திலிருந்து ஹைதராபாத் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் ஆய்வுக்குச் சென்ற தலித் மாணவர் செந்தில்குமார் உயிரிழந்தார். அவருக்கு நெறியாளரே ஒதுக்கப்படவில்லை. அதே பல்கலைக்கழகத்தில் 2016 ஜனவரியில் ரோகித் வெமுலாவை இழந்தோம். அவருடைய உதவித்தொகை மாதக்கணக்கில் வராமல் நின்றிருந்தது.

நெறியாளரின் பொறுப்புகளில் ஒரு பகுதி விதியாகவே இருக்கிறது. யுஜிசியின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மட்டுமே நெறியாளராக இருக்கலாம். ஒவ்வொரு பருவத்திலும் மாணவர் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் தம் பணியின் முன்னேற்றத்தை எடுத்துச்சொல்ல வேண்டும். இந்தக் கூட்டம் தாளில் மட்டும் நடக்கும் துறைகளும் உண்டு. கூட்டமே இல்லாமல் கையொப்பம் மட்டும் வாங்கிவரச் சொல்வார்கள்.

விதியில் இல்லாத பொறுப்புகள் அதைவிட முக்கியமானவை. எழுதிக் கொடுத்த இயலை மாதக்கணக்கில் மேசையில் போட்டு வைக்காமல் படித்துத் திருத்தித் தர வேண்டும். மின்கட்டணம் கட்டவும் காய்கறி வாங்கவும் ஆய்வு மாணவரை அனுப்பக் கூடாது. வைவா அன்று விருந்துக்கும் பரிசுக்கும் அவரைக் கடன் வாங்க வைக்கக் கூடாது. வெளியே தெரியாத பாகுபாடு ஒன்றும் இருக்கிறது. 'இவனுக்கு இவ்வளவு வந்தால் போதும்' என்று பிழைகளோடு இயலை ஏற்றுக்கொள்வதுதான் அது. பார்த்தால் இரக்கம்போலத் தோன்றும். நேர்காணலில் ஒரு கேள்விக்கும் பதில் சொல்ல முடியாமல் நிற்கும்போதுதான் மாணவருக்கு நடந்தது புரியும்.

மாணவருக்கும் பொறுப்பு உண்டு. உதவித்தொகை வந்ததும் வீட்டுக் கடன், தங்கையின் கல்யாணம் என்று செலவாகிவிடுவதும், பகுதிநேர வேலைக்குப் போய்த் துறைப் பக்கமே வராமல் இருப்பதும் நமக்குத் தெரிந்த கதைதான். அந்த நெருக்கடியை மறைக்காமல் நெறியாளரிடம் சொல்ல வேண்டும். பிறர் ஆய்வேட்டிலிருந்து எடுத்து ஒட்டக் கூடாது. பிழையைச் சுட்டினால் அதை அவமானமாக நினைக்கக் கூடாது. சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது வேறு, எழுத்தைத் திருத்துவது வேறு. முன்னதை எழுத்துமூலம் புகார் செய்ய வேண்டும்; பின்னதைக் கேட்டு வாங்க வேண்டும். எந்தத் தேதியில் எந்த இயலைக் கொடுத்தோம், என்ன சொன்னார்கள் என்று குறித்துவைப்பது நாளைக்குத் துணை நிற்கும்.

அம்பேத்கர் 1922இல் லண்டனில் ஒப்படைத்த ஆய்வேடு திருத்தம் கேட்டுத் திரும்பி வந்தது. அவர் திருத்திக் கொடுத்து 1923இல் பட்டம் பெற்றார். அது 'ரூபாயின் பிரச்சினை' என்ற நூலானபோது ஆசிரியர் எட்வின் கேனன் முன்னுரை எழுதினார். மாணவரின் வாதங்களில் பெரும்பாலானவற்றைத் தாம் ஏற்கவில்லை என்று அதிலேயே சொன்னார். நூலைப் பாராட்டவும் செய்தார். மாறுபடும் மாணவரையும் மதித்த ஆசிரியர், சொன்னதைக் கேட்டுத் திருத்திய மாணவர். இருவரும் தத்தம் பொறுப்பைச் செய்தார்கள்.

ஆனால், இருவரின் பொறுப்பையும் ஒரே தராசில் வைக்க முடியாது. மாணவர் தவறினால் அவருடைய பட்டம் போகும். நெறியாளர் தவறினாலும் போவது மாணவரின் பட்டம்தான். எனவே பல்கலைக்கழகங்களிடம் நாம் மூன்றைக் கேட்கிறோம். சேர்ந்த உடனே நெறியாளர் ஒதுக்கப்பட வேண்டும். உறவு கெட்டால், மாணவர் மீது பழி விழாமல் நெறியாளரை மாற்றிக்கொள்ள வழி வேண்டும். உதவித்தொகைக்கான கையொப்பத்துக்குக் கெடு வேண்டும். அது தாண்டினால் துறைத்தலைவர் போட வேண்டும். சாதிப் பாகுபாட்டைத் தடுக்க யுஜிசி 2012இல் விதி வகுத்தது. அதன்படி புகாரை யாரிடம் தருவது என்று ஒவ்வொரு துறையின் அறிவிப்புப் பலகையிலும் பெயரோடு எழுதிவைக்கட்டும்.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. நம் மாவட்டத்தில் ஏற்கெனவே முனைவர் பட்டம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். இந்த ஆண்டு சேரும் பிள்ளைகளை அழைத்து, எந்தப் படிவம் எப்போது, எந்தக் கையொப்பம் யாரிடம் என்று உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்போம். கையொப்பம் கேட்பது உரிமை என்று தெரிந்த பிள்ளை, கையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நிற்காது.