ஃப்ரீசர் பெட்டிக்குப் பணம் உண்டு, நர்சுக்கு இல்லையா?

போன மாசம் ஒரு ராத்திரி டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து போன். அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கும் மாமி.

"மக்ளே, இவன் நாலு நாளா உறங்கல்ல. இப்ப டாப்பிங் கத்திய எடுத்துக்கிட்டு முற்றத்துல நிக்கான். நான் ஆரக் கூப்பிடணும்? நீ இந்த வேலைதானே பாக்க?"

ஆமாம், இந்த வேலைதான் பார்க்கிறேன். இங்கிலாந்தில் ஒரு மனநல நெருக்கடிக் குழுவில் நர்ஸ். சில வருஷமாக ஷிப்டை நடத்துகிறவளும் நான்தான். இப்படி ஒரு அம்மா போன் செய்தால் யாரை, எப்போது, எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவு செய்யத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் ஒற்றசேகரமங்கலத்து மாமிக்குச் சொல்ல என்னிடம் ஒரு நம்பர் இல்லை. 14416 என்றேன். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ். நல்ல காரியம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் போனில் பேசுகிறவர் முற்றத்துக்கு வர முடியாதே!

பிறகு நடந்தது வழக்கமானதுதான். பக்கத்து வீட்டு ஆண்கள் கயிறோடு வந்தார்கள். பலாமரத்தில் கட்டினார்கள். விடிந்ததும் ஜீப். ஏதோ ஒரு ஆஸ்பத்திரி. பன்னிரண்டு நாள் கழித்து ஒரு பை நிறைய மாத்திரையோடு திரும்பி வந்தான். மாத்திரை சாப்பிடுகிறானா, தூங்குகிறானா என்று கேட்க ஒரு ஆள் வரவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. ஊருக்குப் பிணம் வைக்கும் ஃப்ரீசர் பெட்டி வேண்டும் என்றார்கள். நாலே நாளில் பணம் சேர்ந்தது. நானும் கொடுத்தேன். அடுத்த வாரம் நெருக்கடிக் குழு என்று ஒன்று எழுதினேன். அங்கே வந்த பதில்களுக்குத்தான் இந்தப் பதிவு.

முதல் பதில்: "அது ஊளம்பாறை கேஸ், நமக்கு எதுக்கு?"

சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் எப்படியோ அப்படி நமக்கு ஊளம்பாறை. மகாராஜா காலத்தில், 1870-ல் வந்த மனநல ஆஸ்பத்திரி. நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக நாம் அந்தப் பெயரை ஒரு வசவாகவே வைத்திருக்கிறோம். ஆளைக் கட்டு, வண்டியில் ஏற்று, கண்ணில் படாத இடத்தில் விடு. இதுதான் நமக்குத் தெரிந்த நெருக்கடி நிர்வாகம். இதன் கடைசி எல்லை என்னவென்று 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் பார்த்தோம். தீப்பிடித்தபோது சங்கிலியில் இருந்தவர்கள் ஓட முடியவில்லை, 28 பேர் இறந்தார்கள். 2018 பிப்ரவரியில் அட்டப்பாடியில் மது என்ற மனநிலை சரியில்லாத ஆதிவாசி இளைஞரைப் பிடித்துக் கட்டி அடித்ததும் ஊர்க் கும்பல்தான். அரிசி திருடினான் என்பது குற்றச்சாட்டு. இறந்துபோனார். 2023-ல் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். படித்த கேரளம்!

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் அமலுக்கு வந்துவிட்டது. சங்கிலியால் கட்டக்கூடாது என்கிறது பிரிவு 95. மனநோயாளியை லாக்கப்பில் வைக்கவே கூடாது என்கிறது பிரிவு 100. உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால், பதிவு பெற்ற எந்த டாக்டரும், மனநல டாக்டராக இல்லாவிட்டாலும், ஆஸ்பத்திரிக்கு வெளியிலும் அவசர சிகிச்சை கொடுக்கலாம், 72 மணி நேரம் வரை, என்கிறது பிரிவு 94. சட்டம் முற்றம் வரைக்கும் வந்துவிட்டது. வராதது ஆள்தான்.

இரண்டாவது பதில்: "மனநல டாக்டருக்கு எங்கே போக?"

இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல டாக்டர்கூட இல்லை, உண்மை. ஆனால் இங்கேயும் ராத்திரி கதவைத் தட்டுவது டாக்டர் இல்லை. இரண்டு நர்சுகள், அல்லது ஒரு நர்சும் ஒரு சமூகப் பணியாளரும். டாக்டர் போனில் இருப்பார். இதைக் கேரளத்துக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய பாலியேட்டிவ் இயக்கம் 2008-ல் அரசுக் கொள்கை ஆனது. இன்று பஞ்சாயத்து நர்ஸ் ஜீப்பில் ஏறி, படுக்கையில் கிடப்பவரின் வீட்டுக்கே போகிறார். அதே 2008-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய மென்டல் ஹெல்த் ஆக்‌ஷன் டிரஸ்ட், ஊர்த் தொண்டர்களையும் நர்சுகளையும் வைத்தே மனநல சிகிச்சையை வட கேரள கிராமங்களுக்குக் கொண்டுபோனது. புற்றுநோய்க்கு வீட்டுக்கு வரலாம், உறங்காத பையனுக்கு வரக்கூடாதா?

மூன்றாவது பதில்: "அங்கே நடக்கும், இங்கே நடக்காது."

எது நடக்காது? என் ஷிப்டில் நடப்பதைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

1. போனை எடுப்பவர் ஒருவர், அவருக்கு அன்று வேறு வேலை கிடையாது. இன்றே போக வேண்டியது, நாளை போகலாம், போனில் முடியும் என்று பிரித்து ஒரு போர்டில் எழுதுவார்.

2. தனியாக யாரும் போகக்கூடாது. எந்த வீடு, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பது போர்டில் இருக்கும். திரும்பாவிட்டால் தேடுவோம்.

3. முதலில் உடம்பைப் பார். காய்ச்சலா, தலையில் அடியா, சுகர் இறங்கியதா? குடியை நிறுத்தி இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, பூச்சி ஊர்கிறது என்று கத்துகிறவருக்கு வேண்டியது உடனே ஆஸ்பத்திரி. நம் ஊரில் இதைத்தான் 'வட்டு' என்று கட்டிப்போடுகிறோம்.

4. கூட்டத்தை அனுப்பிவிட்டு ஒருவர் மட்டும் பேசு, மெதுவாக. வாசலை மறைத்து நிற்காதே. பயந்தவனுக்கு வழி தெரிய வேண்டும்.

5. கத்தி, பூச்சிமருந்து, ரப்பர் ஷீட் ஆசிட் எல்லாம் வேறு வீட்டுக்குப் போகட்டும்.

6. மறுநாள் திரும்பிப் போ. அதற்கு மறுநாளும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரை மூன்று நாளுக்குள் பார்.

இதில் எதற்கு வெள்ளைக்காரன் மூளை வேண்டும்? ஒரு ஜீப், ஒரு போன், ஒரு போர்டு, முறை வைத்து வேலை பார்க்கும் ஆறேழு பேர். கடினமானது ஆறாவதுதான். முதல் நாள் வீரம் எல்லோருக்கும் வரும். நாலாம் நாள் போவதற்குச் சம்பளம் வேண்டும்.

அதனால்தான் நன்கொடை பற்றி ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் யூஜீன் நகரத்து கஹூட்ஸ், போலீசுக்குப் பதில் ஒரு மருத்துவ உதவியாளரையும் ஒரு நெருக்கடிப் பணியாளரையும் வேனில் அனுப்பிய குழு. 1989-ல் தொடங்கி உலகத்துக்கே உதாரணமாக இருந்தது. பணச் சிக்கலில் 2025 ஏப்ரலில் அந்த நகரத்தில் நின்றுபோனது. 36 வருஷப் பெயரும் காப்பாற்றவில்லை. இங்கே என் குழுவிலும் ஆள் போதாமல் போன் அடித்துக்கொண்டே இருக்கும் ராத்திரிகள் உண்டு. நாம் அனுப்பும் பவுண்டும் திர்ஹமும் ஜீப் வாங்கும், அவ்வளவுதான். நர்சின் சம்பளம் பஞ்சாயத்துத் திட்டத்தில் வருஷா வருஷம் எழுதப்பட வேண்டும்.

எல்லைக்காரர்களான நமக்கு இன்னொன்றும் உண்டு. பனச்சமூடு தாண்டினால் வேறு மாநிலம். 1956-ல் போட்ட கோடு நோய்க்குத் தெரியாது. ஒரு சீட்டு மார்த்தாண்டத்தில், அடுத்தது நெய்யாற்றின்கரையில், இரண்டு டாக்டரும் ஒருவர் எழுதியதை ஒருவர் பார்த்ததில்லை. அந்தக் குழுவில் தமிழும் மலையாளமும் பேசுகிற ஆள் வேண்டும். பயத்தில் மனுஷன் அம்மா பாஷையில்தான் பேசுவான்.

அடுத்த கிராம சபையில் ஊரில் இருப்பவர்கள் எழுந்து இதைக் கேளுங்கள். பாலியேட்டிவ் நர்சோடு இன்னொரு நர்ஸ், ஒரு ராத்திரி போன். இதிலிருந்து தொடங்கலாம். ஃப்ரீசர் பெட்டிக்குக் கொடுத்த அதே ஆட்கள் முதல் ஜீப்புக்குக் கொடுப்போம். பட்டியலில் என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

பி.கு: மாமியின் பையன் இப்போது உறங்குகிறான். ஞாயிறுதோறும் நான் போன் செய்து கேட்கிறேன். எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்து ஒருத்தி போன் செய்வதற்குப் பெயர் சிகிச்சை அல்ல.