ஊர்க்கதையும் ஒரு சரக்கே

கொள்முதல் விலை இல்லாத சரக்கு உண்டா என்று கேட்டால் எந்த வியாபாரியும் சிரிப்பார். உப்புக்கும் விலை உண்டு, பொட்டலம் கட்டும் சணலுக்கும் விலை உண்டு. ஆனால் அமெரிக்காவின் சில சிற்றூர்களில் கடைத்தெருவையே தாங்கி நிற்கும் சரக்கு ஒன்றுக்குக் கொள்முதல் விலையும் கிடையாது, கிடங்கு வாடகையும் கிடையாது. அது அந்த ஊரில் வழங்கிவரும் கதை. சிறகு முளைத்த மனிதன், கொம்பு வைத்த காட்டு மிருகம், தலையில்லாக் குதிரைவீரன் என்று ஊருக்கு ஒரு கதை.

நம் சங்க ஏட்டில் அமெரிக்கப் பேய்க்கதைக்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. இந்தக் கதைகளை வளர்த்தவர்களில் பாதிப் பேர் வியாபாரிகள். அவற்றால் பிழைத்தவர்களும் வியாபாரிகள். கதை தவறான வழியில் போனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்களும் வியாபாரிகளே என்பது என் கருத்து.

பாலம் விழுந்த ஊர்

மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஒஹையோ ஆற்றங்கரையில் பாயின்ட் பிளசன்ட் என்று ஓர் ஊர். மக்கள்தொகை சுமார் 4,000. 1966ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் தேதி இரவு, இரண்டாம் உலகப் போர்க்கால வெடிமருந்துத் தொழிற்சாலை இருந்த பாழிடத்தின் அருகே, இரண்டு இளம் தம்பதிகள் காரில் போய்க்கொண்டிருந்தார்கள். பெரிய சிறகும் சிவந்து ஒளிரும் கண்களும் கொண்ட ஆள் உயர உருவம் ஒன்றைப் பார்த்ததாக அவர்கள் சொன்னார்கள். மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி வந்தது. அதற்கு 'மாத்மேன்', அதாவது அந்துப்பூச்சி மனிதன் என்று பெயர் விழுந்தது. அடுத்த ஓராண்டில் இன்னும் பலர் பார்த்ததாகச் சொன்னார்கள். மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக உயிரியல் அறிஞர் ஒருவர், வழி தவறி வந்த பெரிய கொக்கு வகையாக இருக்கலாம் என்றார். கொக்கு என்றால் யார் கேட்பார்கள்!

1967ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் முன்பு, மாலை 5 மணி அளவில் அந்த ஊரின் ஆற்றுப்பாலம் இடிந்து விழுந்தது. 'சில்வர் பிரிட்ஜ்' என்று பெயர், 1928இல் கட்டியது. பாலத்தோடு 31 வாகனங்கள் விழுந்தன. 46 பேர் இறந்தார்கள். அவர்களில் இருவரின் உடல் கடைசி வரை கிடைக்கவில்லை. உடனே இரண்டு நிகழ்ச்சிகளையும் ஊர் வாய் முடிச்சுப் போட்டது. அந்த உருவம் பாலம் விழப்போவதை எச்சரிக்க வந்தது என்றார்கள் சிலர். அதுதான் கெடுதலைக் கொண்டுவந்தது என்றார்கள் வேறு சிலர்.

பாலம் போனதும் கடைத்தெருவும் படுத்தது. 1969இல் திறந்த புதிய பாலத்தை ஒரு மைல் தள்ளிக் கட்டினார்கள். ஊருக்குள் வந்து போன வண்டிகள் வெளியோடு போயின. புறவழிச்சாலை வந்த ஊர்க் கடைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பழைய சாலையில் கடை மட்டும் இருக்கும், வண்டி இருக்காது.

அந்தத் தெருவுக்குக் கூட்டம் திரும்பியது கதையால்தான். 1975இல் இது பற்றி ஒரு நூல் வந்தது, 2002இல் திரைப்படமாயிற்று. அதே 2002இல் ஊரார் ஒரு விழாவைத் தொடங்கினார்கள். 2003இல் தெருவின் நடுவில் 12 அடி உயரத்துக்குத் துருப்பிடிக்காத எஃகில் அந்துப்பூச்சி மனிதனுக்குச் சிலை வைத்தார்கள். பிறகு ஓர் அருங்காட்சியகமும் வந்தது. இப்போது செப்டம்பர் மாத விழாவுக்கு ஊர் மக்கள்தொகையைப் போல் பல மடங்கு பேர் வருகிறார்கள். பனியன், பொம்மை, பூச்சி வடிவில் பிஸ்கட் என்று விற்பனை நடக்கிறது. வண்டி தானாக வராத தெருவுக்கு வண்டியை வரவழைத்தார்கள். வியாபாரி என்ற முறையில் இதைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

வியாபாரிகள் வளர்த்த கதைகள்

இது ஒரே ஓர் ஊரின் அதிர்ஷ்டம் என்று எண்ண வேண்டாம். விஸ்கான்சின் மாநிலத்தில் ரைன்லேண்டர் என்ற ஊர் மரம் வெட்டும் தொழிலால் வளர்ந்தது. அங்கே யூஜின் ஷெப்பர்ட் என்பவர், காட்டில் மரத்தை மதிப்பிடும் தொழில் செய்தவர், 1893இல் 'ஹோடாக்' என்ற ஒரு மிருகத்தைப் பற்றிக் கதை கட்டிவிட்டார். கொம்பு, கோரைப்பல், முதுகு நெடுக முள். 1896இல் உயிரோடு பிடித்துவிட்டதாகச் சொல்லி மாவட்டக் கண்காட்சியில் மங்கலான வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். கம்பியை இழுத்தால் அது அசையும்! தலைநகரிலிருந்து ஸ்மித்சோனியன் நிறுவனத்தார் ஆராய வருகிறார்கள் என்றதும் உண்மையை ஒப்புக்கொண்டார். ஊர் அவரை அடித்து விரட்டவில்லை. அந்தப் பொய் மிருகத்தையே ஊரின் சின்னமாக ஏற்றுக்கொண்டது. இன்று உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டு அணிகளுக்கு அதுதான் பெயர். அந்த ஊர் வர்த்தக சபையின் வாசலில் நிற்பதும் அதன் சிலைதான்.

பால் பன்யன் என்ற ராட்சத மரவெட்டியின் கதையும் அப்படியே. மரவெட்டிகள் முகாமில் குளிர் காய்ந்தபடி அளந்த கதை அது. ஆனால் நாடெங்கும் அவன் பெயரைப் பரப்பியது ரெட் ரிவர் என்ற மரக் கம்பெனி. 1914 முதல் தன் வாடிக்கையாளர்களுக்கு அது விளம்பரப் புத்தகமாக இந்தக் கதைகளை அச்சடித்துக் கொடுத்தது. நாம் தீபாவளிக்கு நாட்காட்டி கொடுப்பது போலத்தான். 1937இல் மின்னசோட்டா மாநிலத்தின் பெமிட்ஜி ஊரார், குளிர்காலத் திருவிழாவுக்கு ஆள் சேர்க்க அவனுக்கு 18 அடிச் சிலை வைத்தார்கள். பக்கத்தில் அவனுடைய நீல எருது. அரசு அந்தச் சிலைகளை 1988இல் வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

நியூயார்க் மாநிலத்தில் நார்த் டாரிடவுன் என்ற ஊரில் பெரிய மோட்டார் கார் தொழிற்சாலை 1996இல் மூடப்பட்டது. அதே ஆண்டில் ஊரார் வாக்களித்து ஊரின் பெயரையே 'ஸ்லீப்பி ஹாலோ' என்று மாற்றிக்கொண்டார்கள். தலையில்லாக் குதிரைவீரனைப் பற்றி வாஷிங்டன் இர்விங் 1820இல் வெளியிட்ட கதையில் வரும் பெயர் அது. ஆலை போன ஊருக்குக் கதை கை கொடுத்தது.

இது ஏமாற்று ஆகாதா?

ஆகும் என்று சொன்னவர்கள் உண்டு. ரிச்சர்ட் டார்சன் என்ற நாட்டார் வழக்காற்று அறிஞர் 1950இல், பால் பன்யன் போன்றவை மக்கள் கதையே அல்ல, காசுக்காகச் செய்த போலிக் கதை என்று கடுமையாக எழுதினார். கலப்படம் என்று அவர் சொன்னதாகவே வைத்துக்கொள்ளலாம்.

அறிஞரின் கவலை நியாயமானது; ஆனால் நான் கடைக்காரன் பக்கம் நின்றே பேசுகிறேன். ஹோடாக் பொம்மையை வாங்குகிற தாய் ஏமாறவில்லை. பொம்மை என்று தெரிந்தே வாங்குகிறாள். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே கணக்கு தெரிந்திருந்தால் அங்கே ஏமாற்று இல்லை. அதோடு, இந்தக் கதை எந்த ஒரு கடைக்கும் சொந்தமில்லை. பொதுக்கிணறு மாதிரி, எல்லோரும் இறைக்கலாம், ஒருவர் சாக்கடையைத் திருப்பிவிட்டால் எல்லோருக்கும் நாற்றம். விழா, சிலை, பாதை விளக்கு எல்லாம் ஒரு தனிக் கடைக்காரரால் ஆகிற காரியங்களும் அல்ல. தெருவே கூடி நின்றால்தான் ஆகும்.

எனக்கு உறுத்துவது வேறு. கம்பியில் ஆடிய ஹோடாக்கால் யாரும் சாகவில்லை. பாயின்ட் பிளசன்டில் 46 பேர் செத்திருக்கிறார்கள். அங்கே கதை விற்கிறபோது தராசு தட்டு ஒரு பக்கம் சாயாமல் பார்க்க வேண்டும்.

பாலம் ஏன் விழுந்தது என்று அரசு ஆராய்ந்து கண்டுபிடித்தது. பாலத்தைத் தாங்கிய எஃகுச் சங்கிலியில் ஒரு கண்ணியில் விரிசல். அதன் ஆழம் சுமார் 2.5 மில்லிமீட்டர், ஒரு துவரம்பருப்பின் பருமன்கூட இல்லை. ஒவ்வோர் இணைப்பிலும் இரண்டே கண்ணிகள் இருந்ததால், ஒன்று அறுந்ததும் மற்றது தாங்கவில்லை. அந்த விரிசல், பாலத்தைப் பிரித்துப் பார்த்தாலன்றிக் கண்ணில் படாத இடத்தில் இருந்தது. இந்த விபத்துக்குப் பிறகே 1968இல் சட்டம் வந்து, 1971இல் நாடு முழுவதும் பாலங்களை முறையாகச் சோதிக்கும் விதிகள் அமலுக்கு வந்தன. பிறகு எத்தனையோ பேர் பத்திரமாகப் பாலம் கடக்க அந்த 46 பேரின் சாவு காரணமாயிற்று.

பூச்சி மனிதன் எச்சரிக்க வந்தான் என்ற கதையை மட்டும் சொன்னால் இந்தச் செய்தி மறைந்துவிடும். விதி என்று ஆகிவிடும். விரிசலுக்கு வேலை இல்லாமல் போகும். கதை வாயை இனிப்பாக்கலாம், காரணத்தை விழுங்கக் கூடாது. இறந்தவர்களின் பெயர் பொறித்த நினைவிடம் அந்த ஊரில் இருக்கிறது. சிலையோடு படம் எடுத்துக்கொள்ள வருகிறவரை அந்த நினைவிடத்துக்கும் போகச் சொல்லும் கடைக்காரரே அந்தக் கதைக்கு உரிமை உள்ளவர் என்பேன்.

மிளகு விற்ற ஊர்

இதற்குப் பெரிய உதாரணம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சேலம் நகரம். நம் சேலத்துக்கும் அதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டுமே. 1692இல் சூனியக்காரர்கள் என்று பழி சுமத்தி அங்கே 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். ஒருவரைக் கல் ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். சிறையிலேயே இறந்தவர்களும் உண்டு. பக்கத்து வீட்டார் சொன்ன சொல்லும், அதை நம்பிய நீதிமன்றமும் செய்த கொலைகள் அவை. இறந்தவர் ஒருவரும் சூனியக்காரர் அல்லர்.

இன்று சூனியக்காரி அந்த நகரத்தின் வியாபாரச் சின்னம். காவலர் வண்டியிலும் துடைப்பத்தில் பறக்கும் சூனியக்காரி படம். சுமார் 44,000 பேர் வாழும் நகரத்துக்கு 2022 அக்டோபர் மாதத்தில் மட்டும் 10 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். ஆனால் அந்த அப்பாவிகளைத் தூக்கிலிட்ட இடம் எது என்று 2016இல்தான் ஆராய்ச்சியாளர்கள் உறுதி செய்தார்கள். அது ஒரு மருந்துக்கடையின் பின்புறத்துப் பாறை. 2017இல் அங்கே நினைவிடம் அமைத்தார்கள். பழி கடைசியாகத் துடைக்கப்பட்டது 2022இல், எலிசபெத் ஜான்சன் என்ற பெண்ணுக்கு. அதற்காக முயன்றவர்கள் எட்டாம் வகுப்பு மாணவர்களும் அவர்களின் ஆசிரியையும்.

மளிகைக்காரர்களுக்கு இன்னொரு செய்தி. அந்தச் சேலம் ஒரு காலத்தில் மிளகுக்குப் பேர் போன துறைமுகம். 1790களிலிருந்து அதன் கப்பல்கள் சுமத்ராவுக்குப் போய் மிளகு ஏற்றி வந்து கொழுத்த லாபம் பார்த்தன. கீழ்த்திசைக் கடல்களுக்குச் சென்று வந்த கப்பல் தலைவர்கள் 1799இல் சங்கம் அமைத்துத் தொடங்கிய அருங்காட்சியகம் இன்றும் வேறு பெயரில் நடக்கிறது. சென்னையிலிருந்து வந்த ஒருவரைக் கண்டதாக 1790 டிசம்பரில் அந்த ஊர்ப் பாதிரியார் வில்லியம் பெண்ட்லி தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். உழைத்துச் சேர்த்த இந்தப் பெருமையைப் பற்றி வருகிறவர்களில் எத்தனை பேர் கேட்கிறார்கள்? சூனியக்காரித் தொப்பிக்கு இருக்கிற கிராக்கி மிளகு மூட்டைக்கு இல்லை. நன்றாக ஓடும் ஒரே சரக்கைக் கடை முகப்பில் அடுக்கினால் மற்றவை தூசி படிந்து கிடக்கும். ஊரின் நினைவுக்கும் அதுவே கதி.

கடைக்காரர் கடமை

வெளியூரார் ஒருவர் கதை கேட்டு வந்தால் முதலில் யாரைக் கேட்கிறார்? பேராசிரியரை அல்ல; சோடா வாங்குகிற கடையில் நிற்பவரைத்தான். ஆகவே ஊர்க்கதையின் சாவி நம் இனத்தார் கையில்தான் இருக்கிறது. அதை வைத்திருப்பவருக்கு மூன்று கட்டுப்பாடுகள் வேண்டும் என்று இந்த ஊர்களைப் பார்த்து நான் எண்ணுகிறேன்.

முதலாவது, கதையைக் கதை என்றே விற்க வேண்டும். ரைன்லேண்டர் அதைத்தான் செய்தது. அதனால்தான் நூறு ஆண்டுக்கு மேலாக அதன் பொய் மிருகத்துக்கு நல்ல பெயர். இரண்டாவது, உயிர் போன இடத்தில் காரணத்தையும் பெயர்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கதைக்கு ஒரு பலகை வைத்தால் உண்மைக்கும் ஒரு பலகை. மூன்றாவது, கதை ஆளைத் தெரு வரைக்கும்தான் கூட்டி வரும். கடைப்படி ஏறியவரை மறுபடி வரவழைப்பது சரக்கின் தரமும் சரியான எடையும்தான். அந்துப்பூச்சி மனிதனைப் பார்க்க வந்தவர் பூச்சி விழுந்த அரிசியை வாங்கிப் போனால் அடுத்த ஆண்டு விழாவுக்கு வரமாட்டார்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். கதை கேட்க வருகிறவருக்குக் கதையையும் கொடுப்போம். விசாரித்த மெய்யையும் அதே பையில் போட்டுக் கொடுப்போம். அதற்குத் தனி விலை போட வேண்டாம்.