லாரிக்குப் பின்னால் ஏறாதீங்க

போன வாரம் அன்னதானச் சாமான் ஏத்தும்போது நடந்தது. அண்டா, அடுப்பு, அரிசி மூட்டை எல்லாம் லாரியில் ஏத்தியாச்சு. நாலு தம்பிங்க பின்னாடி ஏறி அண்டாவைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டாங்க. இறங்கச் சொன்னேன். "அஞ்சு நிமிஷம்தானே அண்ணே, சாமி காரியம், ஒண்ணும் ஆகாது"ன்னாங்க. நானும் ஒரு காலத்துல இதையே சொல்லிட்டு உட்கார்ந்து போனவன்தான். ஆனாலும் இறக்கிவிட்டேன்.

சிங்கப்பூர்ச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, சரக்கு வாகனத்தின் பின்பகுதியில் பயணிகளை ஏற்றிச் செல்லக் கூடாது. லாரி உரிமையாளர் அல்லது வாடகைக்கு எடுத்தவரின் ஊழியர்கள் வேலைக்காகப் போகலாம். அவசரத்தில் நோயாளியையோ காயம்பட்டவரையோ ஏற்றலாம். தொண்டூழியர்களுக்கு அதில் இடமில்லை. பால்குடம் தூக்கி வந்தவர்களுக்கும் இல்லை.

அப்போ ஒரு தம்பி கேட்டான்: "ஊழியருங்க மட்டும் போகலாமா அண்ணே? அவங்க உடம்பு இரும்பா?"

எனக்குப் பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நம் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுறவங்கதான் திங்கட்கிழமை விடியுமுன்னே லாரியில் ஏறுறாங்க. 2021 ஏப்ரலில் தீவு விரைவுச்சாலையில் ஊழியர்களை ஏற்றிப்போன லாரி, நின்றிருந்த டிப்பர் லாரியில் மோதி இருவர் இறந்தார்கள். கூரையும் உயரமான தடுப்பும் கட்டாயமாக்கப்பட்டுப் பல வருஷம் ஆன பிறகு நடந்தது அது. கூரை வெயிலைத் தடுக்கும். மோதும்போது ஆளைப் பிடிச்சு வைக்காது, அதுக்கு இருக்கையும் வார்ப்பட்டையும் வேணும். 2023 ஜனவரியிலிருந்து ஓட்டுநருக்கு ஓய்வு, லாரியில் ஒரு கண்காணிப்பாளர் என்று விதிகள் கூடின. நல்லதுதான். முழுத் தடை மட்டும் வரவில்லை. சிறிய நிறுவனங்களால் செலவைத் தாங்க முடியாது என்பது அந்த ஆண்டு ஆகஸ்டில் அரசாங்கம் சொன்ன காரணங்களில் ஒன்று.

அந்தச் சிரமம் பொய்யில்லை, ஒத்துக்கிறேன். ஆனா நம் கோயிலுக்கு உபயம் செய்யும் முதலாளி அண்ணன்மார் சிலரிடம் உரிமையோடு கேட்கிறேன், கோபிச்சுக்காதீங்க. சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக லாரியிலேயே அனுப்பணுமா? இரண்டு மூன்று நிறுவனம் சேர்ந்து ஒரு பஸ் எடுக்க முடியாதா? ஒரு வருஷ உபயத்தைக் குறைச்சுக்கிட்டு அந்தப் பணத்தை பஸ்ஸுக்குக் கொடுத்தாலும் முருகன் கோவிச்சுக்க மாட்டான்.

நம்ம பக்கம், அடுத்த விழாவுக்கு லாரியில் சாமான் மட்டும். ஆட்களுக்கு வேன் பேசியிருக்கோம். கூட ஒரு வேன் தேவைப்படுது, ஓட்டத் தெரிஞ்சவங்க என்கிட்ட சொல்லுங்க.