தண்ணீர் கலந்தால்தான் பிழைப்பா?

“யோக்கியமா பெயிண்டிங் கான்ட்ராக்ட் எடுத்தா கடைசியில பிரஷ் கழுவின தண்ணிதான் மிஞ்சும்.” டீக்கடையில் சக மேஸ்திரிகள் எனக்கு ஓதும் வேதம் இது. இதே தொழிலில் 19 வருடமாகச் சோறு தின்கிறவன் என்பதால் பதில் சொல்கிறேன்.

ரேட்டைக் குறைத்தவனுக்குத்தான் வேலை என்கிறார்கள். பாதி நிஜம், போன பொங்கலுக்கு இரண்டு வீடு என் கையைவிட்டுப் போனது. ஆனால் குறைத்த ரேட்டை எங்கே பிடிக்கிறார்கள்? அளவில். 10-க்கு 12 அறை, 10 அடி உயரம் என்றால் நாலு சுவரும் 440 சதுர அடி. கதவு, ஜன்னலுக்குச் சுமார் 40 கழியும். கழிக்க மாட்டேன் என்று முதலிலேயே சொன்னால் அது ஒரு வழக்கம். சொல்லாமல் பில்லில் ஏற்றுவதற்குப் பேர் வேறு. நான் டேப்பின் ஒரு முனையை வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்துவிடுவேன்.

தண்ணீர் கூடினால் யாருக்குத் தெரியும்? எமல்ஷனுக்குத் தண்ணீர் வேண்டும்தான்; எவ்வளவு என்று பக்கெட்டிலேயே போட்டிருக்கிறது. அதைத் தாண்டினால் பழைய நிறம் உள்ளிருந்து எட்டிப்பார்க்கும், மூன்றாவது கை அடிக்க வேண்டிவரும். பெயிண்டில் மிச்சம் பிடித்தது ஆள் கூலியில் போச்சு. அப்படியும் தப்பினால், சுவிட்ச் போர்டைச் சுற்றி ஈரத்துணியால் துடைக்கிற அன்று துணியில் கலர் வரும்.

பெயிண்டருக்கென்று கம்பெனி பக்கெட்டுக்குள் போடும் பரிசு டோக்கன்? நான் எடுத்துக்கொள்கிறேன், சொல்லிவிட்டே. அதற்காக ஒரு பக்கெட் கூடுதலாக வாங்கச் சொல்வதில்லை.

இவர்களின் பெரிய வாதம் ஓதம். “ஓதம்னு வாயத் திறந்தா வேலை போச்சு, பட்டியப் பூசி மூடிட்டுக் காசை வாங்கு.” ஒரு வீட்டில் பாத்ரூமுக்குப் பின்சுவரில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்தேன், வெள்ளை உப்பு மாவாக ஒட்டியது. சுவருக்குள் ஊறும் தண்ணீர் உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. தண்ணீர் காய்ந்ததும் உப்பு படிகமாகிப் பட்டியைத் தள்ளும். மேலே என்ன விலைப் பெயிண்ட் அடித்தாலும் அப்பளமாகத்தான் பொரியும்.

“முதல்ல பிளம்பரைக் கூப்பிடுங்கம்மா” என்றேன்.

“ஏன் தம்பி, வந்த வேலைய வேண்டாம்கிறீங்களா?” என்றார் அந்த அம்மா. பாத்ரூம் தரைக்குக் கீழே குழாய் இணைப்பு கசிந்திருந்தது. அதைச் சரிசெய்து, சுவர் காயும்வரை விட்டதில் அந்த சீசன் வேலை போனது உண்மை. மாசியில் அதே வீட்டுக்குச் சாரம் கட்டினேன். பங்குனியில் அவர் தங்கை வீடு. அந்தத் தங்கை ரேட் விசாரிக்கவே இல்லை.

ஒன்றுக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. வேலை முடிந்தபின் கடைசித் தவணையைப் பிடித்துவைக்கும் ஆசாமிகள், யோக்கியனையும் மற்றவனையும் ஒரே மாதிரிதான் அலையவிடுகிறார்கள். நாளைக் காலையும் அப்படி ஒரு வீட்டுக்குத்தான் போக வேண்டும், நாலாவது தடவை.