பள்ளிக்கு வந்த பணம் பிள்ளைக்கு வந்ததா?



"பள்ளிக்கூடத்துக்கு அரசாங்கம் பணம் கொடுக்கிறதாமே, அது என் பிள்ளைக்கு எப்படி வந்து சேரும்?" தோட்டமானாலும் பட்டணமானாலும் பெற்றோர் பலர் மனத்தில் இருக்கும் கேள்வி இது. வாய்விட்டுக் கேட்பவர்கள்தாம் குறைவு. இம்முறை கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சிங்கப்பூரைப் பார்ப்போம். தேக்காவுக்குப் போய்த் தீபாவளிச் சாமான் வாங்கி வந்தவர்கள் நம்மில் உண்டு. அந்த ஊர்ப் பள்ளிப் பணம் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்தால் நமக்கும் பயன்படும்.

சிங்கப்பூர் சிறிய நாடு. மாநிலக் கல்வி இலாகா, மாவட்டக் கல்வி இலாகா என்ற படிகள் அங்கே இல்லை. கல்வி அமைச்சின் பணம் நேரே பள்ளிக்குப் போகிறது. அது மூன்று வாய்க்காலாகப் பிரிகிறது.

முதலாவது, எடுசேவ். 1993ஆம் ஆண்டில் தொடங்கியது. அரசாங்கம் ஒரு பெரிய முதலை ஒதுக்கி வைத்து, அதில் வரும் வருமானத்தைக் கொண்டு பிள்ளைகளின் கணக்கில் பணம் போடுகிறது. 7 முதல் 16 வயது வரையுள்ள, குடியுரிமை பெற்ற பிள்ளைகள் எல்லோருக்கும் இந்தக் கணக்கு உண்டு. தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு ஆண்டுக்கு 230 வெள்ளி, உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைக்கு 290 வெள்ளி. இது பெற்றோர் கைக்கு வராது. பள்ளி நடத்தும் முகாம், கல்விச் சுற்றுலா, கலைப் பயிற்சி போன்றவற்றுக்குப் பெற்றோர் சம்மதத்துடன் கணக்கில் கழித்துக் கொள்வார்கள். மிஞ்சிய பணம் பிற்பாடு மேற்படிப்புக் கணக்குக்குப் போகும். முதலாளி மகனுக்கும் தொழிலாளி மகனுக்கும் ஒரே தொகை.

இரண்டாவது, வசதி குறைந்த குடும்பங்களுக்கான கல்வி அமைச்சின் நிதி உதவித் திட்டம். பள்ளிக் கட்டணம் இல்லை. பாடநூலும் சீருடையும் இலவசம். போக்குவரத்துக்கு உதவி உண்டு. பள்ளி நடக்கும் வாரத்தில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு 7 வேளை, உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைக்கு 10 வேளை சாப்பாட்டுக்கும் பணம் உண்டு. 2025ஆம் ஆண்டு முதல் குடும்பத்தின் மொத்த மாத வருமானம் 4,000 வெள்ளிக்குள் இருக்க வேண்டும், அல்லது தலைக்கு 1,000 வெள்ளிக்குள் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று பொருந்தினால் போதும்.

இந்த 'அல்லது' என்ற சொல்லைக் கவனியுங்கள். தாத்தா, பாட்டி, தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் என ஆறு பேர் உள்ள வீட்டில் மாதம் 5,400 வெள்ளி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் கணக்கில் தள்ளிவிடுவார்கள். தலைக்குப் பங்கிட்டால் 900 வெள்ளிதான், உதவி உண்டு. இந்த விவரம் தெரியாத தகப்பன், "நமக்கெல்லாம் கிடைக்காது" என்று விண்ணப்பமே போடாமல் இருந்துவிடலாம். பணம் இருக்கிறது, சட்டம் இடம் தருகிறது, பிள்ளை மட்டும் வெளியே நிற்கிறது!

மூன்றாவது, வாய்ப்பு நிதி. 2006ஆம் ஆண்டில் வந்தது. அமைச்சு பணத்தைப் பள்ளியிடம் கொடுத்துவிடும். வசதி குறைந்த எந்தப் பிள்ளைக்கு எதற்குச் செலவிடுவது என்பதைப் பள்ளியே முடிவு செய்யும். வெளிநாட்டுக் கல்விப் பயணமாக இருக்கலாம், கணினியாக இருக்கலாம். வகுப்பாசிரியருக்குத்தானே பிள்ளையின் குடும்ப நிலை தெரியும்? அந்த வகையில் இது நல்ல ஏற்பாடு. ஆனால் ஆசிரியர் கண்ணில் படாத பிள்ளைக்கு என்ன வழி? வாய் திறவாத பிள்ளைக்கு வீட்டு நிலையை யார் எடுத்துச் சொல்வது?

இங்கேதான் சமூகத்துக்கு வேலை இருக்கிறது. 1980களில் சிங்கப்பூர் இந்திய மாணவர்கள், சிறப்பாகக் கணிதத்தில், பின்தங்கியது கண்டு சமூகத் தலைவர்கள் கவலைப்பட்டார்கள். அதன் பயனாக 1991ஆம் ஆண்டில் சிண்டா என்னும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் பிறந்தது. சிராங்கூன் சாலையை ஒட்டிய பீட்டி சாலையில் அதன் அலுவலகம் இருக்கிறது. வேலை செய்யும் இந்தியர்களின் சம்பளத்தில், வருமானத்துக்குத் தக்கபடி, மாதம் 1 வெள்ளி முதல் 30 வெள்ளி வரை இதற்குப் பிடிக்கிறார்கள். வேண்டாம் என்பவர் எழுதிக் கொடுத்து விலகலாம். சமூகம் திரட்டும் பணத்துக்கு ஈடாக அரசாங்கமும் ஒரு வரம்புக்குள் பணம் தருகிறது. துணைப்பாட வகுப்புகள் இப்படித்தான் நடக்கின்றன. துப்புரவுத் தொழிலாளியின் ஒரு வெள்ளியும் அதில் இருக்கிறது என்பது பெருமைக்குரியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உதவி வாங்குவதில் பிள்ளைக்கு வெட்கம் உண்டு. அங்கே பல பள்ளிகளில் சாப்பாட்டுப் பணத்தை மாணவர் அட்டையிலேயே ஏற்றி விடுகிறார்கள். எல்லோரும் அட்டையை நீட்டுகிறார்கள். யாருக்கு உதவி என்று பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. சின்ன விஷயம்தான். ஆனால் பசியோடு வகுப்பில் உட்கார்ந்தாலும் உட்காருவேனே தவிர, இலவச வரிசையில் நிற்க மாட்டேன் என்னும் பிள்ளையைத் தெரிந்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.

இனி நம் கதைக்கு வருவோம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டியிருந்தது. நம் பள்ளிகள் பல அப்படித் தோட்ட நிலத்தில் எழுந்தவை. நிலம் அரசாங்கத்துடையது அல்ல என்பதால் அவற்றுள் பல இன்றும் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே இருக்கின்றன. பாட மானியமோ மாணவர் எண்ணிக்கையை வைத்து வருகிறது. பிள்ளைகள் குறைந்தால் மானியமும் குறையும்.

ஆயினும் நம் பிள்ளைகளுக்கும் வழிகள் உண்டு. ஏழை மாணவர்களுக்கான அறநிதி 2003ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. தொடக்கப்பள்ளிகளில் கூடுதல் உணவுத் திட்டம் இருக்கிறது. இரண்டுக்கும் பள்ளி வழியாகத்தான் பெயர் போக வேண்டும்.

ஆகவே பெற்றோரே, அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு வேலை முடிந்த களைப்போடாவது போய் வாருங்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த ஆண்டு பள்ளிக்கு என்னென்ன உதவிப் பணம் வந்தது? எத்தனை பிள்ளைகளுக்கு அது போய்ச் சேர்ந்தது? தகுதி இருந்தும் விடுபட்டவர்கள் உண்டா? சண்டைக்குப் போவதுபோல் கேட்க வேண்டாம். தலைமையாசிரியர் நம் பக்கம் நிற்பவர். சம்பளச் சீட்டையும் பிறப்புப் பத்திரத்தையும் ஓர் உறையில் போட்டுத் தயாராக வைத்திருங்கள். பாரத்தை நிரப்பத் தெரியாவிட்டால் படித்த பக்கத்து வீட்டுப் பிள்ளையை உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். நம் பிள்ளைகள் அழ வேண்டாம். அவர்களுக்காக நாம் கேட்போம்.