அளந்து பார்த்துப் பேசுவோம்!



மீட்டர் வைத்துப் பார்க்காமல் "பியூஸ் போச்சு" என்று நாம் சொல்வோமா? லேப்டாப் பேட்டரி விஷயத்தில் மட்டும் கடைக்காரர் சொல்வதே வேதவாக்கா?

என் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டதும் பேட்டரி படம் திரையில் வரவில்லை. கடையில் காட்டினேன். "தம்பி, பேட்டரி அவுட்டு, மாத்திடு" என்றார்கள். கேட்ட தொகை எங்கப்பாவின் ஒரு வாரக் கூலி. வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். இதை யாரிடம் கேட்பது?

மெஷினையே கேட்கலாமே! பேட்டரிக்குள் இருக்கும் சிப், தன் கணக்கைத் தானே வைத்திருக்கிறது. 1996-ல் வெளிவந்த ஏ.சி.பி.ஐ. விதிமுறைப்படி லினக்ஸ் கெர்னல் அதை வாங்கி, 'பவர் சப்ளை' என்ற ஃபோல்டரில் சாதாரண ஃபைல்களாக வைக்கிறது. திரையில் வரும் படம், அதைப் படித்துக் காட்டும் தனி புரோகிராம், அவ்வளவுதான்.

திறந்து பார்த்தேன். புதிதில் 40 வாட்-அவர். இப்போது முழு சார்ஜில் 32. அதாவது 80 சதவீதம்! சார்ஜரைக் கழற்றியும் மூன்று மணி நேரம் ஓடியது. பேட்டரி நல்லாத்தான் இருக்கு; படம் காட்டும் புரோகிராம்தான் இல்லை. அதைப் போட்டதும் சரியாச்சு. செலவு பூஜ்யம்.

விண்டோஸிலும் பேட்டரி ரிப்போர்ட் உண்டு. எந்த சிஸ்டமானாலும் கணக்கைப் படிக்கத் தெரியணும். நம் லேபில் இதற்கு ஒரு பீரியட் ஒதுக்கினால் என்ன? டிப்ளமோ படிப்பவன் வீட்டுக் காசு, யாரோ சொன்ன ஒரு வார்த்தையில் போகக் கூடாது. "பழுது" என்று யார் சொன்னாலும், "எத்தனை சதவீதம்?" என்று கேளுங்கள், தோழர்களே!